ஸ்வேயாவின் பதினோராவது மேடு

ஒவ்வொரு வருஷமும் பனி உருகித் தரை தெரிந்ததும் ஸ்வேயா தன் நடையைச் சரிபார்த்துக்கொள்வாள். ஏக்ஹுல்ட் தேவாலயத்தின் தெற்கு மதில் நூற்று நாற்பது மீட்டர். அதன் ஓரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தன் காலடி எட்டுகளை எண்ணிக்கொண்டே நடப்பாள். இருநூறு எட்டு வந்தால் நடை சரியாக இருக்கிறது. ஒரு வருஷம் முழங்கால் வலியில் இருநூற்று ஆறு வந்துவிட்டது. அந்த வருஷம் காட்டில் எடுத்த அளவுகளையெல்லாம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினாள்.

அவள் படித்தது ஏழாம் வகுப்புவரை. பதின்மூன்று வயதில் அம்மா இறந்துபோனாள். அப்பா விடியுமுன் காட்டுக்குப் போகிறவர். நாலு வயதுத் தம்பி தூரேயை யார் பார்ப்பது? பள்ளிப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு ஸ்வேயா அடுப்படிக்கு வந்தாள். தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும், காலுறை பின்னியதும், பள்ளிக்கூடத்துக்குப் பனியில் பாதை மிதித்துக் கொடுத்ததும் அவள்தான். ஒன்பது வயதில் அவன் பனி உருண்டை எறிந்து தேவாலய ஜன்னலை உடைத்தபோது, "நான்தான் எறிஞ்சேன், குறி தப்பிடுச்சு" என்று பாதிரியாரிடம் போய் நின்றதும் அவள்தான். பதினெட்டு வயதுப் பெண் பனி உருண்டை எறிந்ததாக ஊர் ஒரு வாரம் சிரித்தது.

பிறகு முப்பத்தெட்டு வருஷம் தபால்காரி. மஞ்சள் வண்டியில் காட்டுச் சாலைகளில் சுற்றினாள். ஊரில் யாரும் அவளை வெறும் ஸ்வேயா என்று சொல்வதில்லை, தபால் ஸ்வேயா. ஒரு கடிதம்கூடத் தவறிப்போனதில்லை என்பது அவளுக்குப் பெருமை. தம்பி தூரே மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டினான் என்பது அதைவிடப் பெரிய பெருமை. "நம்ம தூரே ஓட்டினா ஒரு இளங்கன்னு மேலகூடச் சக்கரம் ஏறாது" என்று கடிதம் கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை காடு. லிங்கன் என்னும் சிவப்புக் காட்டுப் பழம் பறிக்கப் போவதாகத்தான் கிளம்புவார்கள். உண்மையில் போவது மேடுகளைப் பார்க்க. தேவாலயத்துக்குச் சொந்தமான காட்டில் பத்துப் புதைமேடுகள் இருந்தன. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இறந்தவர்களை எரித்து, எலும்பைப் பொறுக்கி வைத்து, மேலே கல்லும் மண்ணும் குவித்து மூடியவை. பத்துக்கும் எண் உண்டு. அரசாங்கப் பதிவேட்டில் பெயர் உண்டு. ஊசியிலை மரங்களுக்கு நடுவே பாசி படர்ந்து, தெரியாதவன் பார்த்தால் நிலம் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவான்.

பதினோராவது மேடு அவர்களுடைய அப்பாவின் காட்டில் இருந்தது. ஓடைக்கும் சரிவுக்கும் நடுவே, வேலியிலிருந்து ஐம்பத்தேழு எட்டு. அதற்கு எண் இல்லை. கண்டுபிடித்தது ஸ்வேயா.

அந்த மேட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தீ மூட்டி காபி போடுவார்கள். குடித்து முடித்ததும் தீயை அணைத்து, கரிந்த இடத்தின் மேல் ஒரு துண்டுப் பாசியை எடுத்து மூடி, அதன் மேல் முட்டையளவு கல் ஒன்று வைக்க வேண்டும். இது ஸ்வேயா தம்பிக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்தது.

"கல்லு எதுக்குக்கா?" என்று கேட்டான் அவன், ஆறு வயதில்.

"காத்துல பாசி பறக்காம இருக்க. நாம வந்து போனது யாருக்கும் தெரியக் கூடாது."

"அவங்களுக்குமா?" மேட்டுக்கு உள்ளே இருப்பவர்களைத்தான் கேட்டான்.

"அவங்களுக்குத் தெரிஞ்சா பரவாயில்லடா. நம்ம ஆளுங்கதானே."

வளர்ந்த பிறகும், தாடி நரைத்த பிறகும் அவன் அந்தக் கல்லை வைக்க மறந்ததில்லை. எதையும் அவனிடம் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்ததில்லை என்று ஸ்வேயா சொல்லிக்கொள்வாள்.

அவளிடம் ஒரு கறுப்பு அட்டை நோட்டு உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பத்தி. தேதி, வானிலை, போன மேடு, எடுத்த அளவு, அளந்தவர், கூட வந்தவர். கூட வந்தவர் என்ற இடத்தில் எப்போதும் தூரே என்று இருக்கும்.

அந்த நோட்டில் ஒரே ஒரு பத்தி மட்டும் அவள் எழுத்து இல்லை. 1979 ஆகஸ்ட். அன்றைக்குப் பதினோராவது மேட்டின் ஓரத்தில் பாசியைக் கவனமாக உரித்துப் பார்த்தார்கள். அடியில் கற்கள் வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி நின்றன. தூரே மண்டியிட்டு மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினான். பழச்சாறு ஒட்டிய விரலால் நோட்டைத் தொட ஸ்வேயாவுக்கு மனமில்லை.

"நீயே எழுதுடா. உன் கைதான் சுத்தமா இருக்கு."

அவன் எழுதினான்: 'குறுக்களவு பதினொரு எட்டு. ஓரக்கல் இருபத்தாறு. வடக்கே வெள்ளைக் கல் மூன்று. இது தானாக விழுந்த கல் இல்லை, மனுஷன் வைத்த வட்டம். அளந்தவர் தூரே.' பிறகு பாசியைத் திரும்பப் போர்த்தினார்கள். ஒரு தடவை பார்த்தது போதும் என்று ஸ்வேயா சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அதை உரிக்கவே இல்லை.

நாலு வருஷம் கழித்து, காடுகளில் இருக்கும் பழைய இடங்களையெல்லாம் பதிவு செய்ய அரசாங்கத்திலிருந்து அளவைக்காரர்கள் வந்தார்கள். ஊர் தெரிந்த ஆள் ஒருவர் கூட வர வேண்டும் என்றார்கள். ஸ்வேயாவுக்குத் தபால் வேலை. தூரேயை அனுப்பினாள். மூன்று நாள் அவர்களோடு காட்டில் சுற்றினான். நகரத்து ஆட்கள் தன் தம்பியிடம் வழி கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் மாலை அவன் வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"பதினொண்ணையும் காட்டினேன்க்கா. பார்த்துட்டு, வயல் திருத்தறப்ப குவிச்ச கல்லா இருக்கும்னுட்டாங்க. அப்படியேதான் எழுதிக்கிட்டுப் போறாங்க."

"வட்டத்தைக் காட்டினியா?"

"காட்டினேன். அவங்க என்ன என்னை மாதிரியா, புஸ்தகம் படிச்சவங்க. நாம சொன்னா கேப்பாங்களா?"

எந்த ஊரிலும் வயல் திருத்துகிறவர்கள் பொறுக்கிய கல்லை ஓரமாகக் குவிப்பதுண்டு. அந்தப் பக்கத்துக் காடுகளில் நூற்றுக்கணக்கில் அப்படிக் குவியல்கள் கிடக்கின்றன. புதைமேட்டையும் கல் குவியலையும் மாற்றி எழுதிவிடுவது நடக்கிற தப்புதான். ஆனால் ஸ்வேயா விடவில்லை. இருபது வருஷத்தில் நாலு கடிதம் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றேதான்: முன்பு நடந்த அளவையில் வயல் கற்குவியல் என்று பதிவாகியுள்ளது. "விவரம் தெரியாத எவனோ எழுதி வச்சுட்டுப் போயிட்டான், அதையே பிடிச்சுத் தொங்கறாங்க" என்று தூரேயிடம் பொரிந்து தள்ளுவாள். அவன் தலையாட்டுவான்.

அப்பா இறந்தபோது காடு இருவருக்கும் பாதிப் பாதியாக வந்தது. ஸ்வேயா தன் பாதியைத் தூரே பேருக்கே எழுதிக் கொடுத்தாள். குடும்பம், குழந்தை என்று இருப்பவன், காட்டிலேயே பாடுபடுகிறவன், அவனுக்கே இருக்கட்டும் என்றாள்.

"எனக்கு அந்த மேடு ஒண்ணு போதும்டா. அதைத் தொடாம இரு."

"ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன்க்கா."

காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்பதைக்கூட எழுதி வைக்கிறவள், அதை மட்டும் எழுதி வாங்கவில்லை. தம்பியிடம் யாராவது எழுதி வாங்குவார்களா?

2005 ஜனவரியில் அந்தப் புயல் வந்தது. ஒரே இரவில் ஸ்மோலாந்து மாகாணம் முழுக்க மரம் சாய்ந்தது. காலையில் எழுந்தவர்களுக்குத் தங்கள் காடு எங்கே என்று தெரியவில்லை. பக்கத்து ஊர்த் தேவாலயக் கோபுரம், அதுவரை எந்த வீட்டிலிருந்தும் தெரியாதது, எல்லார் வீட்டு ஜன்னலிலும் தெரிந்தது. தூரேயின் காட்டில் பத்தில் எட்டு மரம் வேரோடு புரண்டு கிடந்தது. அறுபது வருஷத்து மரங்கள். அவன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தன் காட்டையும் தேவாலயத்துக் காட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்தான்.

மரம் வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழங்காலத்துப் புதைமேடு ஒன்று இருந்தால், அதைச் சுற்றி நிற்கும் சில மரங்களைத் தரையோடு வெட்ட மாட்டார்கள். மார்பளவு உயரத்தில் நிறுத்தி வெட்டி, அடிக்கட்டையை விட்டுவிடுவார்கள். பின்னால் எந்த இயந்திரம் வந்தாலும், அந்த நெட்டைக் கட்டைகளைப் பார்த்ததும் ஓட்டுகிறவன் விலகிப் போய்விடுவான். பலகையும் வேண்டாம், காவலும் வேண்டாம்.

தூரே பத்து மேடுகளையும் சுற்றிக் கட்டைகளை நிறுத்தினான். பதினோராவதைச் சுற்றியும் எட்டுக் கட்டை. பதிவேட்டில் இல்லாத மேட்டுக்கு அவனாகவே செய்தான். ஸ்வேயா ஏப்ரலில் போய்ப் பார்த்தாள். எட்டையும் தொட்டு எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லாரிடமும் சொன்னாள்.

"யாரும் கேக்கல, எவனும் சொல்லல. என் தம்பி தானா நிறுத்தி வச்சிருக்கான்."

"நீ வளர்த்த புள்ளையாச்சே ஸ்வேயா" என்றார்கள்.

அந்த ஆகஸ்டில் ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து இங்கேலா என்ற பெண் எழுதியிருந்தாள். புயலுக்குப் பிறகு எல்லாப் பழைய இடங்களையும் திரும்பப் பார்க்கிறோம், வருகிற மே மாதம் உங்கள் மேட்டையும் நேரில் வந்து பார்க்கிறேன். ஸ்வேயா அந்தக் கடிதத்தைத் தூரேக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

"இந்தத் தடவை எண் குடுத்துடுவாங்க பாரேன்."

"குடுத்தா என்ன ஆகும்?" என்றான் தூரே. "சுத்தி மரம் வைக்கக் கூடாதும்பாங்க. அதைச் செய்யாதே, இதைச் செய்யாதேம்பாங்க."

"வைக்காட்டிப் போகுது. அந்த ஒரு துண்டு இல்லாட்டி என்ன குடி முழுகிடும்?"

அவன் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அவன் காபிக்குச் சர்க்கரை போடுகிற வழக்கம் இல்லை. அது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் அவள் முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தூரேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். திரும்பக் கூட்டிவந்தான். குளிர்காலம் முழுக்க விறகு கொண்டுவந்து போட்டான். காட்டுப் பக்கம் போகாதே, வேர் புரண்டு குழி குழியாகக் கிடக்கிறது, விழுந்தால் திரும்ப ஆஸ்பத்திரிதான் என்றான்.

"மேடு எப்படிடா இருக்கு?"

"அதுக்கென்ன. மூவாயிரம் வருஷமா இருக்கு, நல்லாத்தான் இருக்கும்."

மே மாதம் இங்கேலா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். பெரிய பூட்ஸ், தோளில் பை. ஸ்வேயா ஊன்றுகோலோடு முன்னால் நடந்தாள். வேலியிலிருந்து காலடிகளை எண்ணினாள். ஐம்பத்தேழாவது எட்டில் நின்றாள்.

கட்டைகள் இல்லை. மேடும் இல்லை. கன்று நடுவதற்காக மண்ணைக் கீறிப் போடும் இயந்திரம் ஒன்று சரிவிலிருந்து ஓடைவரை நேராக ஓடியிருந்தது. மேடு இருந்த இடத்தின் மேல் ஆறு ஆழமான கீறல். கற்கள் நாலு பக்கமும் சிதறிக் கிடந்தன. கீறலின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஊசியிலைக் கன்றுகள், ஒழுங்காக, இரண்டு மீட்டர் இடைவெளியில்.

"இடம் மாறிடுச்சோ?" என்றாள் இங்கேலா மெல்ல.

"மாறல. நான் எண்ணித்தான் வந்தேன்."

இங்கேலா கீறலில் இறங்கி மண்டியிட்டாள். மண்ணை விரலால் தடவினாள். பிறகு உள்ளங்கையில் எதையோ வைத்து நீட்டினாள். வெளுத்த, வெடிப்பு விழுந்த, நகத்தளவு துண்டுகள்.

"எரிச்ச எலும்பு, ஸ்வேயா. மனுஷ எலும்புதான். நீங்க சொன்னது சரிதான்."

இருபது வருஷமாக யாரும் நம்பாததை அந்த இயந்திரம் ஒரு மத்தியானத்தில் தோண்டிக் காட்டியிருந்தது. ஸ்வேயாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஊரில் மண் கீறும் இயந்திரம் வைத்திருப்பவன் யெர்க்கர் ஒருவன்தான். மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் நின்றாள்.

"கண்ணு தெரியாதா உனக்கு? மார்பு உயரம் எட்டுக் கட்டை நின்னுச்சே!"

யெர்க்கர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "என்ன தபால் ஸ்வேயா, காலங்காத்தாலயே? கடுதாசி கொண்டு வருவீங்கன்னு பார்த்தா வசவு கொண்டு வரீங்க."

"கட்டையைப் பார்த்தியா இல்லையா?"

"கட்டையே இல்லையே. இருந்தா நான் ஏன் ஏத்தறேன்? தேவாலயத்துக் காட்டுல பத்தையும் சுத்திட்டுப் போனேனே, ஒரு புல்லைத் தொட்டேனா? பதினொண்ணு மேல மட்டும் எனக்கு என்ன பகை?"

"நான் எண்ணினேன். எட்டு இருந்துச்சு."

"நான் போனப்ப தரை வழிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு ஸ்வேயா. காட்டுக்காரர் கூடவே நின்னாரு, அவரையே கேளுங்களேன். 'நேரா விடு, இங்க ஒண்ணும் இல்ல'ன்னு கை காட்டினாரே."

காட்டுக்காரர் தூரே. ஸ்வேயா திரும்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. காட்டுக்குப் போனாள்.

எட்டுக் கட்டை நின்ற இடங்களும் நோட்டில் இருந்தன. முதல் இடத்துக்குப் போய் ஊன்றுகோலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். ஒரு துண்டுப் பாசி. அதன் மேல் முட்டையளவு கல். கல்லை எடுத்து, பாசியைத் தூக்கினாள். அடியில் தரையோடு அறுத்த மரம், வட்டம் வட்டமாக, இன்னும் மஞ்சள் மாறாமல்.

இரண்டாவது இடம். பாசி, கல். மூன்றாவது. பாசி, கல்.

எட்டு இடத்திலும் அப்படித்தான். எட்டும் கச்சிதமாக, ஓரம் விலகாமல், காற்றில் பறக்காமல். நாம் வந்து போனது யாருக்கும் தெரியக் கூடாது. உலகத்தில் இப்படி மூடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி முழங்காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

எட்டுக் கல்லையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை தூரே வந்தான். அவள் எப்போதும்போல ஊஸ்ட்காக்கா சுட்டு வைத்திருந்தாள், பாலைத் திரித்துச் சட்டியில் சுடும் அந்த ஊர்ப் பலகாரம். அதை ஓரத்திலிருந்து எடுப்பது வழக்கமில்லை, நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். தூரே கரண்டியை நடுவில் இறக்கித் தோண்டினான். செர்ரி ஜாமை மேலே ஊற்றிக்கொண்டான்.

"யெர்க்கரைப் பார்த்தேன்" என்றாள் ஸ்வேயா.

"அவனையா? வாயைத் திறந்தாப் பொய்யாச்சே அவன்."

அவள் பையிலிருந்து கற்களை எடுத்தாள். சட்டிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். எட்டு.

தூரே கரண்டியைக் கீழே வைத்தான்.

"அடுப்புல விறகு தீர்ந்திருக்கும். போட்டுட்டு வரேன்."

"உக்காரு."

அவன் உட்கார்ந்தான். ஐம்பத்தாறு வயது. முகத்தில் அந்தச் சமயம் ஒன்பது வயதுதான் இருந்தது.

"புயல் எனக்கு என்ன மிச்சம் வச்சுச்சு, சொல்லு?" என்றான். "எல்லாம் போச்சு. ஓடைக்கும் சரிவுக்கும் நடுவுல இருக்கற மண்ணுதான் நல்ல மண்ணு. அந்தப் பொண்ணு வந்து எண்ணைக் குடுத்துட்டுப் போயிடுவா. அப்புறம் அங்க ஒரு கன்னு நட நான் ஒவ்வொரு ஆபீஸாக் கை கட்டி நிக்கணும். எனக்கும் புள்ளைங்க இருக்காங்கக்கா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கு வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"சொல்ல மாட்டே. உனக்கு மேடுதான் பெரிசு."

"கட்டையை நீ நிறுத்தினப்ப ஊரு பூராச் சொல்லிட்டு வந்தேன்டா."

"அதான் கஷ்டமாப் போச்சு எனக்கு" என்றான் அவன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு குரல் இறங்க, "அது கல்லுக் குவியல்னுதானே பேப்பர்ல இருக்கு? எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுக்கா. எங்கிட்ட நீ எதுவும் சொன்னதில்லேன்னு சொல்லு. தெரியாமச் செஞ்சா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. தெரிஞ்சு செஞ்சேன்னா கேஸ் ஆயிடும்."

அவன் போகும்போது கதவருகே நின்று, "ஜன்னல் கண்ணாடிக்கு நீதானே போய் நின்னே" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

புதன்கிழமை இங்கேலா வந்தாள். மேஜையில் காகிதங்களைப் பரப்பினாள்.

"எலும்பு கிடைச்சதால இங்க ஏதோ ஒண்ணு இருந்துச்சுன்னு எழுதிடலாம். ஆனா புதைமேடுன்னு எண் போட உருவம் வேணும், அளவு வேணும். எல்லாம் கலைஞ்சு போச்சு. அளவு இருந்தா மேட்டைத் திரும்பக் கட்டிக்கூட நிறுத்தலாம். பழைய அளவையில ஏதாவது இருக்குமான்னு மூலப் பதிவையே எடுத்துட்டு வந்தேன். அதுல ஒண்ணும் இல்ல."

ஸ்வேயா அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். 1983 ஜூலை 14. கையெழுத்தில் நாலே வரி.

'கற்குவியல். அளக்கவில்லை. நில உரிமையாளரின் மகன் தூரே கூறிய தகவல்: தன் தாத்தா வயல் திருத்தியபோது குவித்த கற்கள், தானே சிறு வயதில் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். எனவே புதைமேடு அல்ல.'

இரண்டாம் தடவை படித்தாள். அந்தக் காட்டை அப்பா வாங்கியது 1947-ல். தாத்தா இருந்ததும் இறந்ததும் கடலோரத்தில். அவர் அந்தக் காட்டில் கால் வைத்ததே இல்லை.

விவரம் தெரியாத எவனோ. அவள் நாலு கடிதத்தில் திட்டியது அவனைத்தான். இருபத்திரண்டு வருஷமாக, மேட்டில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அவள் திட்டுவதைக் கேட்டுத் தலையாட்டியவன். புயல் நேற்று வந்தது. இது நேற்று நடந்தது இல்லை.

எழுந்து போய்க் கறுப்பு நோட்டை எடுத்து வந்தாள். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பினாள். அவள் எழுத்து: 'வெயில். காற்று இல்லை. தூரே அளவைக்காரர்களோடு மூன்று நாள் போய் வந்தான். பெருமையாக இருந்தது. மாலை ஊஸ்ட்காக்கா.'

"என்னாச்சு ஸ்வேயா? முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள் இங்கேலா. "தண்ணி கொண்டு வரட்டுமா?"

"வேணாம்."

"உங்ககிட்ட அளவு ஏதாவது இருக்கா? பாசியை எடுத்துப் பார்த்து எண்ணின மாதிரி?"

நோட்டில் இருந்தது. ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் மேடும் தம்பியும் சேர்ந்து இருந்தார்கள். மேட்டைக் கொடுத்தால் அவனும் கூடப் போவான். அவனை மறைத்தால் மேடு எண் இல்லாமல், வெறும் எலும்பு கிடைத்த இடமாகப் போய்விடும்.

எண்களை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. மேஜை இழுப்பறையில் வெள்ளைத் தாள் இருந்தது. இழுப்பறையைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். பதினொரு எட்டு. இருபத்தாறு கல். வடக்கே மூன்று வெள்ளை. மூன்று வரியில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. பாசி போட்டு, கல் வைத்த மாதிரி.

பேனாவை மூடித் திரும்ப உள்ளே வைத்தாள். 1979 ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி, நோட்டை இங்கேலா பக்கம் நகர்த்தினாள்.

இங்கேலா குனிந்து படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. "இது போதும், இதுக்கு மேல என்ன வேணும்! இருபத்தாறு ஓரக்கல்... ஆனா இது உங்க எழுத்து இல்லையே? யார் அளந்தது?"

"என் தம்பி."

இங்கேலா நிமிர்ந்தாள். 1983 தாளைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். "தூரேயா? இந்தத் தூரேயா?"

"எனக்கு ஒரே தம்பிதான்."

"இதைச் சேர்த்தா அவருக்குத் தெரியும்னு ஆயிடும் ஸ்வேயா. விசாரணைக்குப் போகும். உங்களுக்குப் புரியுதில்ல?"

"புரியுது."

"எண்களை மட்டும்..."

"அளந்தவன் பேரை விட்டுட்டு அளவை எழுதினா அது அளவா?" என்றாள் ஸ்வேயா. "முட்டி தேய மண்டி போட்டு எண்ணினான். ஒரு கல்லு விடல. எழுத்தைப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு. நான் சொல்லிக்குடுத்த எழுத்து. எழுதிக்குங்க. அளந்தவர் தூரே."

இங்கேலா எழுதினாள். எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி ஸ்வேயா கேட்டாள். கேட்டு, சரி என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூரே வரவில்லை. செய்தி அவன் காதுக்குப் போயிருந்தது. ஸ்வேயா பத்து மணிவரை ஜன்னலோரம் இருந்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேலியிலிருந்து ஐம்பத்தேழு எட்டு. சிதறிய கற்களில் வெள்ளைக் கல் இரண்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது கிடைக்கவில்லை. கீறலின் விளிம்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

தேதி போட்டாள். மேகமூட்டம், தென்மேற்குக் காற்று. வெள்ளைக் கல் இரண்டு. அளந்தவர் ஸ்வேயா. கூட வந்தவர் என்ற இடம் வந்தது. கை தானாக 'தூ' எழுத ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினாள். அந்த எழுத்தை அடிக்காமல், அதற்குப் பக்கத்தில், யாரும் வரவில்லை என்பதற்கு, நேராக ஒரு கோடு போட்டு, நோட்டை மூடினாள்.